மெர்சி குடித்த காபி

செங்கல்பட்டு பஜாரில் நான் காபித்தூள் வாங்கும் கடைக்காரர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். தூளை அரைத்து, சூடு ஆறாமல் பொட்டலத்தில் கொட்டிக்கொண்டே, "இன்னா சார், இப்பல்லாம் ஒரே மாதிரி வாங்கினு போறீங்க? முன்னாடி வாரத்துக்கு ஒரு அளவு சொல்வீங்களே. பீபரி கொட்டைய கொஞ்சம் தூக்கு, சிக்கரிய கொற, வறுப்பு பத்தலன்னு பேஜார் பண்ணுவீங்களே" என்றார்.

"அதெல்லாம் போதும்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பை முழுக்க வாசனை. ஸ்கூட்டரில் வீடு வந்து சேரும்வரை அந்த வாசனை கூடவே வந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்து பைக்காரர் திரும்பிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். எனக்குள் பெருமை வரவேண்டிய இடம் அது. ஆனால் எனக்கு வந்தது பொறாமை. காபி என்றாலே எனக்கு முதலில் வருவது அதுதான். மற்றவர்களுக்கு எச்சில் ஊறும். எனக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் நான் போய் எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுப்பேன். தம்பி மாடி கட்டினான், சந்தோஷமாகப் போய் பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். காபியில் மட்டும் நான் நல்லவன் இல்லை. இதைச் சொல்ல இந்த வயதில் வெட்கம் என்ன இருக்கிறது.

இதற்கு விதை போட்டது கருங்குழிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. அந்த வீட்டுக் கழனியில் அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். நடவு நாட்களில் விடியும்போதே ஆட்களைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். நானும் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். உள்ளே டிகாக்ஷன் இறங்கும் வாசனை ஜன்னல் கம்பி வழியாக வரும். ஆட்களுக்கு என்று சுவரில் ஆணியில் மாட்டிய அலுமினிய டம்ளர்கள் உண்டு. அதில் வந்தது அந்த வாசனைக்குச் சொந்தமான காபி இல்லை. இரண்டாம் தண்ணியோ, மூன்றாம் தண்ணியோ. அம்மா குடித்துவிட்டு, கழுவி, மறுபடி ஆணியில் மாட்டுவாள். "உள்ள கீற காபி எப்பிடிம்மா இருக்கும்?" என்று கேட்டால், "வெறும் வாசனதான்டா. வாயில வச்சா கசக்கும்" என்பாள். குடித்துப் பார்த்தா சொன்னாள்? என் ஆசையை அடக்கச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் வெல்லம் போட்ட கடுங்காபிதான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்று இப்போது எல்லாரையும்போல நானும் எழுதலாம். பொய். அந்த வயதில் எனக்கு அந்த ஜன்னலுக்குள் இருந்த காபிதான் வேண்டியிருந்தது.

மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் எவர்சில்வர் பில்டர் வாங்கினேன். எங்கள் வம்சத்தில் முதல் பில்டர். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடா, ரெண்டு சொம்ப ஒண்ணுமேல ஒண்ணு வச்ச மாதிரி கீது" என்றாள். கல்யாணமாகி வந்த மெர்சிக்கும் பில்டரைத் தொட அனுமதி இல்லை. காபி என் இலாகா. மெர்சி எனக்கு மாமன் மகள். மதுராந்தகத்தில் வளர்ந்தவள், அரசுப் பள்ளியில் டீச்சர். சமையல் அவள், காபி நான் என்று முதல் வாரமே பாகம் பிரித்துக்கொண்டோம்.

டீச்சர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. எதைக் கொடுத்தாலும் மனசுக்குள் மார்க் போடுவார்கள். அந்த மார்க்கை வெளியே சொல்லமாட்டார்கள். தினமும் காலையில் நான் டபராவில் ஆற்றி, நுரை தளும்ப நீட்டுவேன். மெர்சி ஒரு வாய் குடிப்பாள். நான் அவள் முகத்தையே பார்ப்பேன். "ம்" என்பாள். அவ்வளவுதான். சில நாள் "ம்ம்" என்று கொஞ்சம் நீளும். அன்று நான் கம்பெனி பஸ்ஸில் பாடிக்கொண்டே போவேன். மெர்சி வாயால் என் காபிக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு தேர்தல் வந்தது. டீச்சர்களுக்கெல்லாம் பூத் டியூட்டி போட்டார்கள். மெர்சிக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடம். முதல் நாளே பெட்டிகளோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்களுக்குத் தேர்தல் டியூட்டி என்றால் அது புருஷன்மார்களுக்கும் சேர்த்துத்தான். மறுநாள் காலை ஒவ்வொரு பூத் வாசலிலும் இட்லி டப்பாவும் பிளாஸ்க்குமாக நாலு பேர் நிற்பார்கள். நானும் நாலு மணிக்கு எழுந்து டிகாக்ஷன் போட்டேன். மெர்சி முதல் காபி குடிக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள், அங்கே ஊர்ச்சனத்தோடு என்ன பாடு படுகிறாளோ என்று எனக்குக் கவலை. அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

காபி விஷயத்தில் என்னைப் போன்றவன் செய்யக்கூடாத ஒரு தப்பை அன்று செய்தேன். பாலையும் டிகாக்ஷனையும் சர்க்கரையையும் வீட்டிலேயே கலந்து பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டேன். தனித்தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும், குடிக்கும்போதுதான் சேர்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். அவசரம். திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் போய்த் தெற்கே திரும்பும்போது நன்றாக விடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே தெருவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர்.

"அண்ணாத்த, ஓட்டு இந்த ஊர்லயா?"

"இல்லப்பா. என் சம்சாரம் உள்ள டியூட்டில கீது. காபி கொண்டாந்தேன்."

"ஓட்டு இல்லாதவங்க கோட்டத் தாண்டக் கூடாது. அப்பிடி ஓரமா குந்துங்க."

ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்தேன். வரிசை வளர்ந்தது. மீன் விற்கப் போகும் பெண்கள் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். என் மடியில் பிளாஸ்க். அப்போது காற்று திரும்பியது. கடல் பக்கமிருந்து வரவேண்டிய காற்று பள்ளிக்கூடப் பக்கமிருந்து வந்தது. அதில் அந்த வாசனை இருந்தது. டிகாக்ஷன் இறங்கும் வாசனை. கூடவே சவுக்கு விறகுப் புகை. கருங்குழி ஜன்னலுக்கு வெளியே நின்ற பையனுக்கு மீசை முளைத்து, பிளாஸ்க்கும் கையுமாக மறுபடி வெளியே உட்கார்ந்திருந்தான்.

பத்து மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் மெர்சி மதில் ஓரமாக வந்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. ராத்திரியெல்லாம் பெஞ்சில் படுத்து எழுந்தவள் முகம் மாதிரியே இல்லை.

"எப்ப வந்த மாமா? நாஸ்தா துன்னியா?"

"அத வுடு. காபி கொண்டாந்துகிறேன்."

"ஐயோ, நான் குடிச்சிட்டேனே. எங்க பிரிசைடிங் ஆபீசர் சார் போட்டாரு. ராமபத்ரன் சாரு, காலேஜ் வாத்தியாரு. கையோட பில்டரு, தூளு எல்லாம் எடுத்தாந்துகிறாரு. சத்துணவுக் கூடத்து அடுப்புல அவரே பால் காச்சி, அவரே கலந்து எல்லாருக்கும் குடுத்தாரு மாமா." கண்ணை லேசாக மூடித் திறந்தாள். "இதுக்குப் பேருதான் காபி" என்றாள்.

எட்டு வருடம் "ம்" கேட்டவனிடம் சொன்னாள் இதை.

அவள் உள்ளே போனதும் அந்த மனுஷன் எனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தனுப்பினார். போலீஸ்காரர் கொண்டுவந்தார். நான் முதலில் டம்ளரைத்தான் பார்த்தேன். காகிதக் கப்பாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று அவர் பிரித்திருந்தால் அந்த ஒரு குற்றத்தை வைத்துக்கொண்டு நான் ஆயுசுக்கும் பிழைத்திருப்பேன். அது எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் அவர் பேர் வெட்டியிருந்தது. "அவர் குடிக்கற டம்ளருதான், மொதல்ல உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு" என்றார் போலீஸ்காரர். குற்றம் சொல்ல அதிலும் வழி இல்லாமல் போய்விட்டது.

குடித்தேன். அதற்குமுன் அப்படி ஒரு காபியை நான் குடித்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை. இதை இருபது வருடத்தில் முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

என் பிளாஸ்க்கைப் போலீஸ்காரருக்கே கொடுத்துவிட்டேன். அவர் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லா சூடா கீது அண்ணாத்த" என்றார். சூட்டைத் தவிர அதில் பாராட்ட ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மாலை மெர்சியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, "சார் குடுத்தனுப்பின காபி எப்பிடி கீது மாமா?" என்று கேட்டாள்.

"சுமார்" என்றேன். "சிக்கரி தூக்கல்."

பின்னால் அவள் சிரித்தது முதுகில் தெரிந்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் ராமபத்ரன் சார் குடியேறினார். அன்று பார்த்தது கூட இல்லை நான் அவரை, டம்ளரைத்தான் பார்த்தேன். ஆனால் தினமும் காலையில் அவரும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் வாரம் ஒரு அளவில் தூள் மாற்றினேன். பால்காரரை மாற்றினேன். அடுப்பில் சவுக்கு விறகு வைத்தால் அந்தப் புகை வாசனை வரும் என்று ஒரு கட்டு வாங்கிவந்து மாடிப்படிக்குக் கீழே மூட்டினேன். வீட்டுக்காரம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

பிறகு தண்ணீரில்தான் சூட்சுமம் என்று தோன்றியது. ஒரு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு அந்தக் குப்பத்துக்கே போனேன். பள்ளிக்கூடத்து அடிபம்பில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாத்துக்குண்ணா இந்தத் தண்ணி? நாங்களே லாரித் தண்ணிக்குக் குடத்த வச்சிக்கினு குந்திகீறோம்" என்றாள். தன் ஊர்த் தண்ணீரைத் தர அவளுக்கு மனசில்லை என்று நினைத்தேன். பொறாமைக்காரனுக்கு எல்லாரும் பொறாமைக்காரர்களாகத்தான் தெரிவார்கள். கோடையில் அந்தப் பக்கம் தண்ணீரில் உப்பு ஏறிவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவளையும் நான் கேட்கவில்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுமந்துவந்து பாலில் கொஞ்சம் விட்டுக் காய்ச்சினேன். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. மிச்சத் தண்ணீரில் இறக்கிய டிகாக்ஷனை வேறு பாலில் கலந்து கொடுத்தேன்.

"இன்னா மாமா, காபில உப்பு போட்டியா?"

உண்மையைச் சொன்னேன். மெர்சி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டப் போன கையைத் தட்டிவிட்டு மறுபடி சிரித்தாள்.

வெளியூர் போனாலும் விடவில்லை. வேளாங்கண்ணி போகும் வழியில் சிதம்பரத்தில் விடிகாலை பஸ் நிற்கும். பித்தளை டபராவில் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, "நல்லாதான் கீது, ஆனா" என்பாள். கம்பெனியில் குடகுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காபிச் செடிக்குப் பக்கத்திலேயே நின்று, காலையில் வறுத்த கொட்டையை அரைத்து, கண்ணெதிரே கலந்து கொடுத்தார்கள். மலை, மஞ்சு, எல்லாம் இருந்தது. "நல்லாதான் கீது மாமா, ஆனா" என்றாள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன என்று நான் கேட்பதில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடமும் சவுக்குப் புகையும் இருக்கிறது.

ஒருமுறை மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் மெர்சியின் அண்ணனோடு நின்றுகொண்டிருந்தேன். "அதோ பாரு மச்சான், அவருதான் நீ சொல்ற ராமபத்ரன் சாரு. என் பையனுக்கு வாத்தியாரு" என்று காட்டினான். ஒல்லியாக, கக்கத்தில் குடையோடு, ஒரு பெட்டிக்கடையில் கண்ணாடி கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன், "உங்க சாரு டீ குடிக்கறாரு. ரோட்டோரத்துல. என் கண்ணால பாத்தேன்."

மெர்சி பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. "நல்ல காபி கெடைக்காத எடத்துல டீதான் குடிப்பாங்க. கண்டதக் குடிக்க முடியுமா?"

அப்புறம் அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததே, அப்போது. எங்கள் இருவருக்கும் வந்தது. இருவருக்கும் வாசனை போயிற்று. எனக்குப் பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மிளகாய்த் தாளிப்பில் தும்மல் வந்து, மூக்கு திரும்பிவிட்டது தெரிந்தது. மெர்சிக்கு ஒரு மாதம் பார்த்தோம், மூன்று மாதம் பார்த்தோம். டாக்டர், சிலருக்கு நாளாகும் என்றார்.

ஒருநாள் காலை என் காபியைக் குடித்துவிட்டு மெர்சி சொன்னாள், "நல்லா கீது மாமா."

"மூக்கு வந்துடுச்சா மெர்சி?"

"இல்ல மாமா. சூடா கீது. இனிப்பா கீது. வேற இன்னா வேணும்?"

நாலைந்து வருடம் ஆகிறது. வரவில்லை. சட்டியில் கருவாடு தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது, நான்தான் ஓடுவேன். தினமும் "நல்லா கீது" என்கிறாள். நான் கேட்க ஏங்கிய அதே வார்த்தை, நாள் தவறாமல். அதனால்தான் கடைக்காரரிடம் அளவு மாற்றச் சொல்வதை விட்டுவிட்டேன். யாருக்காக மாற்றுவது?

ஆனால் பொறாமை போகவில்லை. முன்பைவிட மோசமாகிவிட்டது. இனி நான் எப்படிப் போட்டாலும் ராமபத்ரன் சாரை ஜெயிக்க முடியாது. என் காபி அவள் வாயில் வெந்நீரும் சர்க்கரையும். அவருடையது அவள் ஞாபகத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் காபி ஆறாது, திரியாது. கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைப் பிடித்தபடி அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, எதைக் குடிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வரும். கேட்கத் துணிச்சல் இல்லை.

போன மாதம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மெர்சி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். தெற்கே போனோம். சாலை அகலமாகி, புன்னை மரம் இல்லை. பள்ளிக்கூடத்தை இடித்து மாடிக் கட்டடமாக்கி இருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் கேஸ் அடுப்பு. எதிரே கண்ணாடி போட்ட ஒரு காபிக் கடை வந்திருக்கிறது. சின்ன வாளி சைஸில் கப், நுரையில் இலைப் படம். ஏசியில் உட்கார்ந்து ஆளுக்கொன்று வாங்கினோம்.

மெர்சி கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மாமா, ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு சார் போட்ட காபி எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு நெனப்பு இல்ல. நல்லா இருந்துச்சுன்னு தெரியுது. எப்பிடின்னு தெரியல. தேடிப் பாக்கறேன், வரமாட்டுது."

இருபது வருடமாக நான் காத்திருந்த சேதி. எதிரி தானாகவே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். சந்தோஷப்படத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"நீயும் குடிச்ச இல்ல. நீ சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதலில் அடிநாக்கில் ஒரு கசப்பு, அது விழுங்கியதும் தித்திப்பாகத் திரும்பியது. பாலில் சவுக்குப் புகை மெல்லிசாக ஏறியிருந்தது. சர்க்கரை அரை ஸ்பூன் குறைவு, அந்தக் குறைதான் அதற்கு அழகு. குடித்து முடித்துப் பத்து நிமிஷம் வாயைத் திறக்க மனசு வரவில்லை. எல்லாம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப சுமார்னு சொன்ன?"

"வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

தலையை ஆட்டினாள். கோபமில்லை. பிறகு கேட்டாள், "சரி. உன் காபி எப்பிடி இருக்கும் மாமா? அதையும் சொல்லு. அதுவும் எனக்கு மறந்து போய்கினு கீது."

வாயைத் திறந்தேன். "நாளைக்குக் குடிச்சிட்டு சொல்றேன்" என்றுதான் வந்தது.

மறுநாள் காலை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் என் காபியைக் குடித்துப் பார்த்தேன். காபியாக இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் குடித்திருக்கிறேன். என் நாக்கில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. என் காபி எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் மெர்சிதான். அவளுக்குத் தெரிந்திருந்த காலத்தில் நான் மார்க் மட்டும்தான் கேட்டேன், ருசியைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.